அழுத்தம் நார்மல், ஆனா பார்வை குறையுது: ஒரு நரம்பு செல் சாக முடிவெடுப்பது எப்படி?

(ஒலிப்பதிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரத்துக்கு வேறு தலைப்பு ஒன்றைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். நடுவில் ஒரு மெயில் வந்தது. படித்ததும் அந்தத் தலைப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். எழுதியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

"அம்மாவுக்கு 68 வயசு. ஆறு வருஷமா கிளாகோமா. தினமும் ராத்திரி சொட்டு மருந்து போடுறாங்க. ஒவ்வொரு தடவை செக்கப் போகும்போதும் அழுத்தம் 16, நார்மல்னு சொல்றாங்க. ஆனா ஃபீல்டு டெஸ்ட் பேப்பர்ல அந்தக் கருப்புத் திட்டு பெருசாகிட்டே போகுது. போன மாசம் அம்மா சொட்டு மருந்தை நிறுத்திட்டாங்க. 'அழுத்தம்தான் சரியா இருக்கே, அப்புறம் எதுக்குக் காசைக் கரியாக்கணும்?'னு கேக்குறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அழுத்தம் நார்மல்னா, பின்ன எதுங்க அந்த நரம்பைக் கொல்லுது?"

முதல்ல ஒரு விஷயம். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: அம்மாவை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க, மருந்தை நிறுத்தினதையும் மறைக்காம சொல்லுங்க. ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதுக்கு முன்னால், "எது அந்த நரம்பைக் கொல்லுது" என்ற கேள்வியை எடுத்துக்கலாம். கண் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியும் இதுதான்.

சுருக்கமான பதில் கொஞ்சம் விசித்திரமானது. வெளியிலிருந்து யாரும் அந்த செல்லைக் கொல்வதில்லை. அதுவே செத்துப்போக முடிவெடுக்கிறது. அதுவும் ஒரே செல் இரண்டு இடத்தில், இரண்டு தனித்தனி முடிவு எடுக்கிறது.

எந்த செல் இது? விழித்திரையின் முன்பக்க அடுக்கில் இருக்கும் கேங்லியன் செல். வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் வேறு, அவை பின்பக்கம் இருக்கின்றன. அவை பிடித்ததையெல்லாம் கடைசியாக வாங்கி மூளைக்கு அனுப்புவதுதான் இந்த கேங்லியன் செல்லின் வேலை. ஒரு கண்ணில் சுமார் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஆக்ஸான் எனப்படும் ஒரே ஒரு நீண்ட இழை கிளம்புகிறது. அத்தனை இழைகளும் சேர்ந்த கட்டுதான் பார்வை நரம்பு.

இந்த செல்லின் அளவை மனசில் வாங்கிக்கணும். உடல் பகுதி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனா அதோட இழை மூளைக்குள் இருக்கும் முதல் நிறுத்தம் வரைக்கும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் போகிறது. அதாவது உடலைப் போல 2,500 மடங்கு நீளம். செல்லின் உடல் ஒரு தண்ணிக் குடம் அளவுன்னு வைத்துக்கொண்டால், அதோட வால் முக்கால் கிலோமீட்டர் தூரம் போகும். அந்த முக்கால் கிலோமீட்டர் முழுக்கச் சாப்பாடு, உதிரி பாகம், தகவல் எல்லாத்தையும் அந்தக் குடம்தான் பார்த்துக்கணும்.

இதில் ஒரு ஆபத்தான வளைவு இருக்கிறது. கண்ணின் பின்சுவர் வழியாக இழைகள் வெளியேறும் இடம். அங்கே திறந்த வழி கிடையாது. கொலாஜனால் ஆன, துளைத் துளையான ஒரு தட்டு இருக்கிறது. நம்ம இடியாப்ப அச்சு மாதிரி. பத்து லட்சம் இழைகளும் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் நுழைந்து போகணும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்போது, அல்லது அந்தத் தட்டே பலவீனமாக இருக்கும்போது, தட்டு பின்பக்கமாக வளைகிறது. ஓட்டைகள் கோணுகின்றன. நடுவில் போகும் இழைகள் நசுங்குகின்றன.

"16 நார்மல்" என்பதன் பிரச்சினையும் இங்கேதான். கண் அழுத்தம் 21 வரைக்கும் நார்மல் என்பது நிறைய பேரை அளந்து எடுத்த ஒரு புள்ளிவிவர எல்லை. உங்க அம்மாவின் அந்தத் தட்டு 16-ஐத் தாங்குமா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஜப்பானில் தாஜிமி என்ற ஊரில் ஒரு பெரிய கண் ஆய்வு நடந்தது. 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே சாதாரண வகை கிளாகோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21-க்குள்தான் இருந்தது. ஆக, அழுத்தம் நார்மலாக இருந்தும் நரம்பு பாதிக்கப்படுவது அபூர்வமான சமாச்சாரம் இல்லை.

சரி, இழை நசுங்குது. அதனால் செல் ஏன் சாகணும்? கையில் ஒரு நரம்பு நசுங்கினால் மரத்துப்போகுது, கொஞ்ச நாளில் சரியாகுது. இதைப் புரிந்துகொள்ள 1940-கள் இத்தாலிக்கு ஒரு எட்டு போய்விட்டு வரணும்.

ரீட்டா லெவி-மொண்டால்சினி. தூரின் நகரத்து யூதப் பெண், மருத்துவம் படித்தவர். 1938-ல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் வந்ததும் பல்கலைக்கழகத்தில் வேலை செய்ய முடியாமல் போனது. அவர் வீட்டுப் படுக்கையறையிலேயே ஒரு சோதனைக்கூடம் வைத்தார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவியாக்கினார். சோதனைப் பொருள் கோழி முட்டை. கருவில் வளரும் குஞ்சின் கால் முளையை வெட்டி எடுத்துவிட்டு, அந்தக் காலுக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் என்ன ஆகின்றன என்று பார்த்தார். போக இடம் இல்லாததால் அந்த நரம்பு செல்கள் உருவாகவே இல்லை என்பதுதான் அதற்கு முன் இருந்த விளக்கம். அவர் பார்த்தது வேறு. செல்கள் உருவாகின்றன, கால் இருக்க வேண்டிய திசையில் இழையும் விடுகின்றன. அதற்கப்புறம் சாகின்றன.

அப்படின்னா காலிலிருந்து ஏதோ ஒன்று அந்த செல்களுக்கு வந்துகொண்டிருக்கணும். அது வராததால்தான் சாவு. போருக்குப் பிறகு 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு விக்டர் ஹாம்பர்கர் அழைத்ததன் பேரில் போனார். பழைய விளக்கத்தைச் சொன்னதே ஹாம்பர்கர்தான். தன்னை மறுத்தவரைக் கூப்பிட்டுச் சேர்ந்து வேலை செய்தார், அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1950-களில் ஸ்டான்லி கோஹெனோடு சேர்ந்து அந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம். நரம்பு செல்லுக்கு உயிரோடு இருப்பது தானாக நடக்கிற காரியம் இல்லை. "நீ எனக்கு வேணும், இரு" என்று அது போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து சேதி வந்துகொண்டே இருக்கணும். கரு வளரும்போது விழித்திரையில் தேவையைவிட மிக அதிகமாக கேங்லியன் செல்கள் உருவாகின்றன. மூளைக்கு இழை விட்டு, சரியான இடத்தைப் பிடித்து, சேதி வாங்கிய செல்கள் தங்குகின்றன. மற்றவை, பாதிக்கும் மேல், நாம் பிறப்பதற்கு முன்பே போய்விடுகின்றன. இப்ப நீங்க பார்க்கிற பார்வை, அந்தப் போட்டியில் ஜெயித்த செல்களின் பார்வை.

கேங்லியன் செல்லுக்கு மூளையிலிருந்து வரும் முக்கியமான சேதி இன்னொரு புரதம். பி.டி.என்.எஃப். என்பார்கள், மூளையிலிருந்து வரும் நரம்பு வளர்ப்புக் காரணி. ஜெர்மனியில் ஈவ்-அலென் பார்டேயும் கூட்டாளிகளும் 1982-ல் அதைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒன்றரை கிலோ மூளைக்குக் கிடைத்தது ஒரு மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இந்தச் சேதி எப்படிப் பயணிக்கிறது என்று பாருங்க. இழையின் நுனியில், மூளைக்குள், பி.டி.என்.எஃப். வந்து ஒரு ஏற்பியில் ஒட்டுகிறது. ஒட்டினதும் ஏற்பியும் புரதமும் சேர்ந்து ஒரு குட்டிப் பைக்குள் உள்ளே இழுக்கப்படுகின்றன. அந்தப் பையை டைனீன் என்ற மோட்டார் புரதம் இழைக்குள் இருக்கும் தண்டவாளம் வழியாக, கண்ணை நோக்கி மேலே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாளுக்குள் செல்லின் உடலுக்கு வந்து சேர்ந்துவிடும். சேர்ந்ததும் அக்ட், எர்க் என்ற சிக்னல் வரிசைகளை ஓட விடுகிறது. செல்லுக்குள் ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருக்கும் கொலைக் கருவிகளை அவை கட்டிப்போட்டு வைக்கின்றன.

இப்ப அந்த இடியாப்பத் தட்டுக்குத் திரும்புங்க. இழை நசுங்கினால் மின் சிக்னல் உடனே நிற்கணும்னு இல்லை, பார்வை தெரிந்துகொண்டே இருக்கலாம். ஆனா தண்டவாளத்தில் சரக்கு நிற்கிறது. கண் அழுத்தத்தை ஏற்றினால் சரக்குகள் சரியாக அந்தத் தட்டில் தேங்கி நிற்பதைக் குரங்குகளிடம் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஹாரி குவிக்லியின் குழு, தேங்கும் சரக்கில் பி.டி.என்.எஃப். ஏற்பியும் இருப்பதைக் காட்டியது. வெளியூரில் வேலை பார்க்கும் பையன் தினம் ராத்திரி போன் பண்ணுவான், ரெண்டு நாளா பண்ணலை. வீட்டில் எப்படி இருக்கும்? செல்லின் உடலுக்கு நிலைமை அதுதான்.

அப்ப ரொம்ப எளிது, இல்லையா? சேதி வரலைன்னா நாமே கொடுத்துடலாம். பி.டி.என்.எஃப்.பை கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுடலாம்.

போட்டுப் பார்த்தார்கள். எலிகளில் பார்வை நரம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வெட்டினால் நாலைந்து நாளைக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம் செல்கள் கொத்துக் கொத்தாகச் சாகும். 14-ஆம் நாள் எண்ணினால் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். பி.டி.என்.எஃப். ஊசி போட்டால் அந்தச் சாவு தள்ளிப்போகிறது. கணிசமாகவே தள்ளிப்போகிறது. ஆனா நிற்பதில்லை. திரும்பத் திரும்ப ஊசி போட்டாலும் கடைசியில் சாகின்றன.

ஏன்? சேதி வராததுதான் காரணம் என்றால், சேதி கொடுத்ததும் பிழைத்திருக்கணுமே. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த முதல் நாலைந்து நாள் செல் என்ன செய்துகொண்டிருக்கிறது? பட்டினியில் மெல்ல வாடுகிறதா?

இல்லை. வேலை செய்துகொண்டிருக்கிறது. மும்முரமாக.

2013-ல் ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டொனால்ட் ஸாக்கின் குழு, எலியின் கேங்லியன் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றில் இருக்கும் கைனேஸ்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தது. கைனேஸ் என்றால் இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்தும் நொதி. முத்திரை விழுந்த புரதம் விழித்துக்கொள்ளும், அல்லது தூங்கிவிடும். செல்லுக்குள் சிக்னல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த முத்திரைக் குத்துதான். நூற்றுக்கணக்கான கைனேஸ்களில் எதை அணைத்தால் செல் சாகாமல் இருக்கிறது? முன்னுக்கு வந்த பெயர் டி.எல்.கே. ஜெனன்டெக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறு வழியில் போய் அதே டி.எல்.கே.யில் வந்து நின்றார்கள்.

டி.எல்.கே. இழைக்குள் இருக்கும் ஒரு காவலாளி. இழை அடிபட்டால் அது விழிக்கிறது. அடுத்த கைனேஸுக்கு முத்திரை குத்துகிறது, அது ஜே.என்.கே. என்ற கைனேஸுக்குக் குத்துகிறது, அந்தச் சிக்னல் உடலுக்கு ஏறி, நியூக்ளியஸுக்குள் சி-ஜூன் போன்ற புரதங்களை எழுப்புகிறது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேலை மாறுகிறது. சில அணைகின்றன, சில புதிதாக எரிகின்றன. அந்த நாலைந்து நாள் மௌனத்தில் நடப்பது இதுதான். நல்ல சேதி வராமல் போவது ஒரு பக்கம். அதோடு கூட ஒரு கெட்ட சேதியும் வருகிறது. நல்ல சேதியை ஊசியில் கொடுத்தாலும் கெட்ட சேதி வந்துகொண்டே இருக்கும் வரை முழுசாகக் காப்பாற்ற முடியாது.

டி.எல்.கே. இல்லாத எலிகளில் நரம்பை நசுக்கினாலும் பெரும்பாலான செல்கள் பிழைத்தன. ஹாப்கின்ஸ் குழு இன்னொன்றும் செய்தது. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட டோஸாசெர்டிப் என்ற மருந்து டி.எல்.கே.யையும் அடக்கும் என்று கண்டு, அதை எலிகளுக்குக் கொடுத்தது. அங்கேயும் செல்கள் காப்பாற்றப்பட்டன. அப்ப முடிஞ்சுது, மருந்து கிடைச்சிடுச்சு?

இங்கேதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த, அதே சமயம் ரொம்பக் கடுப்பேற்றும் திருப்பம் வருகிறது. டி.எல்.கே.யை விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரியும். 2009-ல் புழுக்களில் செய்த ஆய்வு, அறுந்த நரம்பு இழை மீண்டும் வளர்வதற்கு டி.எல்.கே. கட்டாயம் தேவை என்று காட்டியிருந்தது. பிறகு எலியின் கால் நரம்பிலும் அதையே பார்த்தார்கள். காலில் நரம்பு அறுந்தால் டி.எல்.கே. அடிக்கும் மணி "வளர ஆரம்பி" என்று அர்த்தமாகிறது. கண்ணில் அதே மணி "செத்துப்போ" என்று அர்த்தமாகிறது. ஜெனன்டெக் குழு இதைக் கண்ணிலேயே காட்டியது. கேங்லியன் செல்லில் பிடென் என்ற மரபணுவை எடுத்துவிட்டால் அறுந்த இழை ஓரளவு திரும்ப வளரும் என்பது 2008-லேயே தெரிந்த விஷயம். ஆனா டி.எல்.கே.யையும் சேர்த்து எடுத்துவிட்டால் செல் பிழைக்கிறது, இழை வளர மாட்டேன் என்கிறது. சாவுக்கும் மறுவளர்ச்சிக்கும் ஒரே மணி. மணியைக் கழற்றினால் இரண்டும் போச்சு.

யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. "இழை அடிபட்டிருக்கு" என்று சொல்வது மட்டும்தான் டி.எல்.கே.யின் வேலை. அதைக் கேட்டு என்ன செய்வது என்பது கேட்கிற செல்லைப் பொறுத்தது. எல்லா கேங்லியன் செல்லும் ஒரே மாதிரி கேட்பதும் இல்லை. 2019-ல் ஜோஷுவா சேன்ஸின் ஹார்வர்டு குழு, எலியின் கேங்லியன் செல்களை 46 வகையாகப் பிரித்து, நரம்பை நசுக்கினால் எந்த வகை எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணியது. இரண்டு வாரத்தில் மொத்தமாக 80 சதவீதம் போய்விட்டது. ஆனா சில வகைகள் பெருமளவு அப்படியே இருந்தன, சில வகைகள் கிட்டத்தட்டக் காணாமலே போயின. அடி ஒன்றுதான், தீர்ப்பு வேற வேற.

மருந்து விஷயத்துக்கு வந்தால், டி.எல்.கே.யை அடக்கும் ஒரு மாத்திரையை ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பவர்களிடம் முதல் கட்டமாகச் சோதித்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் குறைவது போன்ற பக்கவிளைவுகள் வந்தன. உடம்பு முழுக்கப் போகும் மாத்திரையாக இதைக் கொடுப்பது சுலபமில்லை என்று தெரிந்தது.

இதுவரைக்கும் செல்லின் உடலைப் பற்றி மட்டும்தான் பேசினோம். ஆரம்பத்தில் இரண்டு முடிவு, இரண்டு இடம் என்று சொன்னேனே, அந்த இரண்டாவது இடத்துக்கு வரலாம்.

செல்லின் உடலில் கொலையைச் செய்து முடிக்கும் ஆயுதம் பாக்ஸ் என்ற புரதம். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும், அத்தோடு கதை முடிந்தது. வயசாக ஆகக் கண் அழுத்தம் தானாக ஏறிக் கிளாகோமா வரும் ஒரு எலி வகை இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், அந்த எலிகளில் பாக்ஸ் மரபணுவை நீக்கினார்கள். அழுத்தம் ஏறியது. ஆனா விழித்திரையைப் பார்த்தால் கேங்லியன் செல்கள் அப்படியே இருக்கின்றன. பிரமாதம்! பார்வை நரம்பை வெட்டிப் பார்த்தால்? இழைகள் அழிந்து கிடக்கின்றன.

செல் உயிரோடு இருக்கிறது. வால் செத்துவிட்டது. மூளைக்கு ஒரு சேதியும் போகாது. குருடாகிப்போன கண்ணுக்குள் ஆரோக்கியமான செல்கள். இந்த முடிவைப் படித்தபோது ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உடல் செத்தால் வால் சாகும், உடலைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இழையின் சாவு தனிக் கணக்கு என்பதற்கான தடயம் பழையது. அறுந்த நரம்பின் துண்டு சிதைந்து போவதை 1850-லேயே அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்புகளில் பார்த்து எழுதியிருக்கிறார். உடலிலிருந்து ஊட்டம் வராததால் வாடிப்போகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். 1989-ல் ஆக்ஸ்போர்டில் தற்செயலாக ஒரு எலி வகை அகப்பட்டது. அதன் நரம்பை அறுத்தால், ஒன்றிரண்டு நாளில் சிதைய வேண்டிய துண்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தது. ஊட்டம் இல்லாமலேயே! அப்படியானால் சிதைவு என்பது வாடல் இல்லை, அதுவும் ஒரு ஏற்பாடு. 2012-ல் அந்த ஏற்பாட்டின் கொலையாளி பிடிபட்டது. சார்ம்-1 என்ற புரதம். செல்லின் சக்தி உற்பத்திக்குத் தேவையான என்.ஏ.டி. என்ற மூலக்கூறைக் கண்டபடி உடைத்துத் தீர்த்துவிடும் நொதி அது என்பது 2017-ல் உறுதியானது.

சார்ம்-1 சாதாரண நாட்களில் ஏன் சும்மா இருக்கிறது? ஏனென்றால் செல்லின் உடல் ஒரு சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இது கீழ்நோக்கிப் போகும் சேதி. என்.எம்.என்.ஏ.டி.-2 என்ற ஒரு நொதி. என்.ஏ.டி.யைத் தயாரிப்பது அதன் வேலை. அதற்கு ஆயுசு சில மணி நேரம்தான். அதனால் உடல் அதை இடைவிடாமல் செய்து இழைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கணும். சரக்கு நின்றால் இருப்பு சீக்கிரம் தீரும், சார்ம்-1 விழித்துக்கொள்ளும், இழை தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்.

இப்ப அந்த இடியாப்பத் தட்டில் நின்று இரண்டு பக்கமும் பாருங்க. மூளையிலிருந்து கண்ணுக்கு ஏற வேண்டிய "இரு" என்ற சேதி அங்கே மாட்டிக்கொள்கிறது. கண்ணிலிருந்து இழைக்கு இறங்க வேண்டிய "இரு" என்ற சேதியும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. மேலே பாக்ஸ், கீழே சார்ம்-1. ஒன்றை மட்டும் தடுத்தால் பாதி செல் பிழைக்கும். பாதி செல்லை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது.

இது போதாது என்று அக்கம்பக்கத்தினர் வேறு. அடிபட்ட விழித்திரையில் மைக்ரோகிளியா எனும் காவல் செல்கள் மூன்று புரதங்களை வெளியிட்டு, பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளைக் கொலைகாரர்களாக மாற்றுகின்றன என்று 2017-ல் பென் பாரஸின் குழு காட்டியது. அந்த மூன்றும் இல்லாத எலிகளில் அடிபட்ட கேங்லியன் செல்கள் சாகவில்லை. இதைத் தனி எபிசோடாகவே பண்ணலாம், இன்றைக்கு இவ்வளவு போதும்.

இவ்வளவு தெரிந்தும் மனிதர்களுக்கான மருந்து என்ன ஆச்சு? பெரிய முயற்சி ஒன்று நடந்தது. மெமன்டைன், அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை. குளூட்டமேட் என்ற சிக்னல் அளவுக்கு மீறிப் போவதால்தான் செல் சாகிறது என்ற கருத்தை வைத்து, 2,000-க்கும் மேற்பட்ட கிளாகோமா நோயாளிகளிடம் நாலு வருஷம் சோதித்தார்கள். விலங்குகளில் நம்பிக்கை கொடுத்த மருந்து. மனிதர்களில் பார்வை இழப்பைத் தடுக்கவில்லை. 2018-ல் அந்த முடிவு முழுசாக வெளியானது. ரொம்பப் பேர் இந்தத் துறையை விட்டே ஒதுங்கிய மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தோன்றுவது, சாவுக்கு ஒரே காரணம், ஒரே சிக்னல் என்று நினைத்ததுதான் அங்கே பிசகு.

அடுத்து, கூகுளில் தேடினால் உங்களுக்கு உடனே கண்ணில் படப்போவது வைட்டமின் பி-3. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நிகோடினமைட் என்ற பி-3 வடிவத்திலிருந்து நம்ம உடம்பு என்.ஏ.டி. செய்துகொள்ளும். 2017-ல் அதே ஜாக்சன் ஆய்வகத்தில் கிளாகோமா எலிகளுக்கு இதை அதிக அளவில் கொடுத்தபோது, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கண்கள் தப்பின. 2020-ல் மெல்போர்னில் ஐம்பது சொச்சம் நோயாளிகளிடம் நடந்த சிறிய சோதனையில் விழித்திரையின் மின் செயல்பாடு கொஞ்சம் மேம்பட்டது. பெரிய, நீண்ட காலச் சோதனைகள் சில நாடுகளில் தொடங்கின. நம்பிக்கை தரும் விஷயம்தான். ஆனா சோதனைகளில் கொடுப்பது நாளுக்கு 3 கிராம் வரை. நம்ம அன்றாடத் தேவை 15 மில்லிகிராம் அளவுதான். இருநூறு மடங்கு! அந்த அளவில் கல்லீரல் பாதிக்கப்படலாம். மருந்துக்கடையில் வாங்கி அம்மாவுக்கு நீங்களே கொடுக்க ஆரம்பிக்காதீங்க. கேட்கணும்னா டாக்டரிடம் கேளுங்க.

சரி, சொட்டு மருந்துக்கு வரேன்.

டி.எல்.கே., பாக்ஸ், சார்ம்-1 எதையும் அந்தச் சொட்டு தொடுவதில்லை. அது செய்வது கண்ணுக்குள் நீர் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும். ஆனா எங்கே வேலை செய்கிறது என்று பாருங்க. தட்டு வளைவதைக் குறைக்கிறது. அதாவது மேலே போகும் சேதி, கீழே இறங்கும் சேதி இரண்டும் மாட்டிக்கொள்ளும் அந்த ஒரே இடத்தில். இரண்டு சாவுக்கும் முன்னால் இருக்கும் ஒரே படி அதுதான். இன்றைக்கு நம்ம கையில் இருப்பதும் அந்த ஒரு படிதான்.

நார்மல் அழுத்தம் இருந்தாலும் இது பலிக்குமா என்பதுதான் அம்மாவின் உண்மையான கேள்வி. அதைச் சோதித்திருக்கிறார்கள். நார்மல் அழுத்தக் கிளாகோமா இருப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இருந்த அழுத்தத்திலிருந்து 30 சதவீதம் குறைத்தார்கள். 1998-ல் வந்த முடிவு: சிகிச்சை இல்லாதவர்களில் 35 சதவீதம் பேருக்கு நோய் மோசமானது, அழுத்தம் குறைக்கப்பட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு. ஸ்வீடனில் நடந்த இன்னொரு சோதனையில், அழுத்தத்தில் குறையும் ஒவ்வொரு ஒரு மில்லிமீட்டருக்கும் நோய் முற்றும் அபாயம் சுமார் பத்து சதவீதம் குறைந்தது.

ஆக, மருந்து போட்டும் 16-ல் அம்மாவுக்குத் திட்டு பெரிசாகுதுன்னா, அவங்க கண்ணுக்கு 16 அதிகமாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்க வேண்டியது "மருந்து வேணுமா" என்பதை அல்ல. "எங்க அம்மாவுக்கு இலக்கு எண் எவ்வளவு? 12-க்கோ 13-க்கோ கொண்டுவர வேறு சொட்டு, லேசர், ஆபரேஷன் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்க. சொட்டு சரியாக விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்க. பாட்டில் நுனி கன்னத்துக்குச் சொட்டிக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது. விலைதான் சிக்கல் என்றால் அதையும் வெட்கப்படாம சொல்லுங்க, பெரும்பாலும் விலை குறைந்த மாற்று இருக்கும்.

திட்டு எப்ப தெரிய ஆரம்பிக்கிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்க. ஃபீல்டு டெஸ்டில் முதல் கருப்பு விழும்போதே அந்த இடத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் செல்கள் போயிருக்கும். போனது திரும்பாது. மீதி இருப்பவைக்குத்தான் இந்தச் சொட்டு.

கடைசியாக ஒன்று. நீங்க அம்மாவைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கீங்க. உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ கிளாகோமா இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். சென்னையிலும் மதுரையிலும் நடந்த கண் ஆய்வுகளில் கிளாகோமா இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அதுவரை அது இருப்பதே தெரியாது. வலி இருக்காது, நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும். அம்மாவைக் கூட்டிட்டுப் போகிற அன்றைக்கே நீங்களும் ஒரு டோக்கன் போட்டுடுங்க. அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், "நரம்பையும் பாருங்க டாக்டர்" என்று சொல்லுங்க.